அடிக்காமல் விட்ட வார்த்தை

ஜெயங்கொண்டத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் அவர். ஒல்லியான ஆள். சட்டைக் கையில் எப்போதும் மைக்கறை. எழுதி முடித்ததும் விரலை வைத்து வரிவரியாக உரக்க வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்க மாட்டார்.

நான் புதிதாக வாங்கிய முந்திரிக்காட்டில் ஒரு பெண் கொட்டை பொறுக்குகிறாள் என்று போலீசுக்குப் புகார் எழுதப் போயிருந்தேன். வாசித்துக்கொண்டே வந்தவரின் விரல் 'அத்துமீறி நுழைந்து' என்ற இடத்தில் நின்றது.

"வேலி இருக்குதுங்களா சார்?"

"இனிமேதான் போடணும்."

"அந்தம்மா எத்தன வருஷமா வருது?"

"பழைய ஓனர் காலத்துலேர்ந்து. மகசூல் எடுத்தப்புறம் உதிர்றத எடுத்துக்கச் சொல்லியிருந்தாராம்."

"அப்ப புதுசா உள்ள வந்தது நீங்கதான். இந்த வார்த்தைய அடிச்சிரட்டுங்களா?"

"அடிச்சா ஸ்டேஷன்ல மனுவ எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க."

"அப்ப இருக்கட்டும்."

மீதி வரிகளை அவர் வாசிக்கவில்லை. பேனாவை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

இப்போது வேலி இருக்கிறது. அந்தப் பெண் வருவதில்லை. கடைசியாக உதிர்ந்த கொட்டைகள் மண்ணிலேயே முளைத்துக் கிடக்கின்றன. அந்த ஆபீஸ் வாசலில் என்னை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனாலும் அவர் தலை தெரிந்ததும், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமாகவே நடக்கிறேன்.