ஓடாத மனேஜர்

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் வைலே நகரில் எங்கள் பேஸ்போல் அணிக்கு ஓர் அமெரிக்கர் மனேஜராக வாய்த்தார். டெனிஷ் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர். இளமையில் சம்பளத்துக்கு விளையாடியவராம். முழங்கால் போனதால்தான் மனேஜரானாராம். எந்த ஊர் அணி என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். கிரிக்கெட் ஆடியவர்களுக்குப் பந்து பிடிக்க வரும் என்று யாரோ சொன்னதால், அகதி முகாமிலிருந்து என்னையும் என் நண்பனையும் சேர்த்துக்கொண்டார்.

பிடித்தோம். அடிக்கத்தான் வரவில்லை. முதல் ஆட்டத்தில், யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில், நல்ல பந்து ஒன்றை மட்டையால் காலடியில் தடுத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். கிரிக்கெட்டில் அப்படி நிற்கலாம். பேஸ்போலில் அடித்தவன் ஓடியே ஆகவேண்டும். மனேஜர் தொப்பியைத் தரையில் அடித்துக் கத்தினார். பிறகு நான் நின்ற விதத்தை எல்லோருக்கும் நடித்துக்காட்டினார். அவருடைய மனைவிகூட விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒடென்சே அணியோடு ஆடிய அன்று எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. மனேஜரே மட்டையைத் தூக்கினார். ஓங்கி அடித்தார். பந்து வேலியைத் தாண்டிவிடும் என்ற நினைப்பில், இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். காற்றோ எதிர்க்காற்று. பந்து வேலிக்கு உள்ளேயே விழுந்தது.

"ஓடுங்கோ அண்ணை, ஓடுங்கோ!" என்று நண்பன் தமிழிலேயே கத்தினான்.

அவர் அசைவதற்குள் எதிரணியினர் பந்தை எடுத்து, அவர் ஓடிச் சேரவேண்டிய முதல் தளத்துக்கு எறிந்து அவரை ஆட்டமிழக்கச் செய்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை, சம்பளத்துக்கு விளையாடிய அந்த மகான் எங்களை வரிசையாக நிறுத்தி, எப்படி ஓடுவது என்று சொல்லிக்கொடுத்தார்.