பருப்புப்பொடிக்குள் ஒரு பென் டிரைவ்

எங்கள் தாடிக்கொம்பில் யாராவது வெளிநாடு கிளம்பினால், அங்கே பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு பார்சலோடு போய் நிற்போம். உள்ளே என்ன என்று அவர் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால், நம்மையே சந்தேகப்படுகிறான் என்று வருஷக்கணக்கில் பேசித் தீர்ப்போம். நானும் பேசியிருக்கிறேன்.

பக்கத்துத் தெரு அண்ணன் வெளிநாட்டில் லாரி ஓட்டப் புறப்பட்டபோது நான் கொடுத்தது ஒரு டப்பா பருப்புப்பொடி. என் தம்பிக்கும் அதே நாட்டில்தான் வேலை. அங்கே வீடியோவில் பேசத் தடை. பிறந்த மகளைப் போட்டோவில் தவிர அவன் இன்னும் பார்க்கவில்லை. யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி தகவலை மறையாக்கி அனுப்பும் மென்பொருள் ஒன்று இருந்தால் பார்க்கலாம் என்றான். அங்கே அதை இணையத்திலிருந்து இறக்க முடியாதாம். திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பென் டிரைவில் ஏற்றி, தொலைந்துவிடக் கூடாதென்று பொடிக்குள் புதைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

மறுநாள் காலை அண்ணன் திருச்சிக்குப் பஸ் ஏறிய பிறகு தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, நான் கேட்டதக் குடுத்து விட்டுட்டியா? அனுமதி இல்லாம அதக் கொண்டாந்தாலே கேசாம்க்கா. இங்க ஏர்போர்ட்டுல ஒருத்தரப் புடிச்சு உள்ள வச்சுட்டாய்ங்க."

அண்ணனுக்கு ஆறு தடவை அடித்தேன். மணி போனதே தவிர எடுக்கவில்லை. விமானம் பதினொன்றரைக்கு. வேறு நம்பர் இருக்கிறதா என்று அவர் மனைவியைக் கேட்கலாமென்று ஓடினேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், "சாப்டியா?" என்று சிரித்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் என்மேல் ஆத்திரமாக வருகிறது.

பதினொரு மணி வாக்கில், ஏழாவது தடவை எடுத்தார். செக்கிங் எல்லாம் முடிந்து, கைப்பையோடு விமானம் ஏற வரிசையில் நின்றிருந்தார்.

"அண்ணே, என் டப்பாவக் குப்பையில போட்ருங்க!"

"ஏம்த்தா, ஆசையா இடிச்சுக் குடுத்துட்டு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு எதுவோ தொப்பென்று விழும் சத்தம் கேட்டது.

"போட்டுட்டேன்." அப்புறம் கோபமே இல்லாமல் சொன்னார்: "பையில உள்ளதெல்லாம் நீங்களே கட்டுனதான்னு இங்க கேட்டாக, தங்கச்சி. உன் டப்பாவுக்கும் சேத்து ஆமான்னு சொன்னேன்."

அவர் என்னை ஏசியிருக்கலாம்.