சந்திரமதி வைத்த சீனச் சூப்

சந்திரமதி உப்புப் பார்த்துச் சமைக்கிறவள் அல்ல. சாமிக்குப் படைக்கிறதை யாராவது முதலில் நக்கிப் பார்ப்பார்களா என்று கேட்பாள். அந்தப் பழக்கம் எல்லாச் சமையலுக்கும் வந்துவிட்டது. கண்தான் அவளுக்கு அளவு. ஒரு கறியும் பிசகியதில்லை என்பதால் அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இத்தாலியின் பலேர்மோ நகரில் அவள் வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டது சிஞ்ஞோரா அசுந்தா என்ற விதவைக் கிழவியை. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியில் காய்ச்சலில் விழுந்த கிழவி, காய்ச்சல் விட்ட பிறகும் சாப்பாட்டைத் தொடவில்லை. வைத்த பாஸ்தா வைத்தபடியே திரும்பி வந்தது. மிலானோவில் இருந்த மகன் தொலைபேசியில் தீர்த்துச் சொல்லிவிட்டான்: இப்படியே கிடந்தால் ஞாயிறு வந்து முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவானாம். சந்திரமதிக்கு வேலையும் போகும், இருக்கிற அறையும் போகும். அது கிடக்கட்டும், வாய்த்துடுக்கான அந்தக் கிழவியை அவளுக்குப் பிடித்திருந்தது. இல்லத்துக்குப் போனால் ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்று பயந்தாள்.

"என்னதான் வேணும் சிஞ்ஞோரா? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்."

கிழவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்ரை மனுசன் வைக்கிற சீனச் சூப்."

கணவர் கப்பலில் சமையற்காரராக இருந்தவர். ஹொங்கொங்கில் பழகிவந்த மாட்டிறைச்சி சூப்பைக் குளிர்காலத்தில் வைத்துக் கொடுப்பாராம்.

சந்திரமதி சைவ சமயத்துக்காரி. கோழி, மீன் எல்லாம் தின்பாள். மாட்டிறைச்சியைக் கையாலும் தொட்டதில்லை. ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பல்லரோச் சந்தைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டே இறைச்சிப் பொதியை வாங்கினாள். பக்கத்துச் சீனர் கடையில் சோயா சோஸும் அன்னாசிப்பூவும் கிடைத்தன.

கட்டிலில் இருந்தபடி கிழவி சொல்லச் சொல்ல, இவள் செய்தாள். இறைச்சியை வெட்டி ஒரு கொதி விட்டு, நுரைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கழுவினாள். பிறகு புதுத் தண்ணீரில் தட்டிய இஞ்சி, வெங்காயத்தாள், அன்னாசிப்பூ. இறைச்சி பஞ்சாய் வேகப் பின்னேரமாகிவிட்டது. முள்ளங்கி, கரட், கடைசியில் முட்டைக்கோஸ். வழக்கம்போலக் கண்ணளவில் உப்பு. அதற்கு மேல் தாராளமாகச் சோயா சோஸ். அதுவே உப்புத்தான் என்று அவளுக்கு யார் சொன்னது?

இறக்கும்போது முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. தெரியாத சாமான், வீணாய்ப் போனால் கிழவி இனி வாயே திறக்கமாட்டாள். கீழே படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அகஸ்ரினைக் கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கத்தோலிக்கர், மாடு சாப்பிடுகிறவர்.

"அண்ணை, ஒருக்கா உப்புப் பாருங்கோ."

"ஐயோ தங்கச்சி! பாசையூர்க் கடலை அள்ளி ஊத்தினீரோ?"

பதறிப்போய்ச் சுடுதண்ணீர் ஊற்றி, இன்னும் முள்ளங்கி போட்டுக் கொதிக்கவிட்டாள். அகஸ்ரின் கரண்டி கரண்டியாகப் பார்த்தார்.

"இப்ப சரி. எதுக்கும் இன்னொருக்காப் பாப்பம்."

"காணும் அண்ணை. சிஞ்ஞோராவுக்கும் மிஞ்சட்டும்."

சூப்பைக் கொண்டுபோய் வைத்தபோது கிழவி கரண்டியை எடுக்கவில்லை.

"அகஸ்ரினைக் கூப்பிட்டது கேட்டது. நீ ஏன் ருசி பாக்கேல்லை?"

"நான் மாடு சாப்பிடுறேல்லை, சிஞ்ஞோரா. எங்கடை ஆக்கள் தொடமாட்டினம்."

"அப்ப ஒவ்வொரு ஞாயிறும் நான் சமைச்சு உனக்கெண்டு எடுத்து வைச்ச மாட்டிறைச்சித் துண்டு?"

சந்திரமதி தலை குனிந்தாள். "அகஸ்ரின் அண்ணைக்கு."

"நல்ல துண்டாப் பாத்து எடுத்து வைச்சனான்!" கிழவிக்கு மூச்சு வாங்கியது. "சொல்லியிருக்கலாமே?"

"தாறதை வேண்டாமெண்டிறது மரியாதையில்லை எண்டு நினைச்சன்."

"பிறகேன் இண்டைக்குக் கை வைச்சனி?"

சந்திரமதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கள் ஒண்டும் சாப்பிடுறியள் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

கிழவி கிண்ணத்தைக் கிட்ட இழுத்தாள். கரண்டியை எடுத்தாள். முதல் கரண்டி போர்வையில் சிந்தியது. இரண்டாவது உள்ளே போனது. முள்ளங்கி, இறைச்சி, கரட் என்று மெதுவாக எல்லாம் போயிற்று. கடைசியில் கிண்ணத்தைச் சரித்துக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வெற்றுக் கிண்ணத்தை நீட்டினாள்.

"நாளைக்குக் கோழியிலை வை, சந்திரா. உனக்கும் சேத்து வை."