நிலா மறைத்த ஆறாவது மீன்

இன்று திருக்கார்த்திகை. என் வீட்டுக்காரர் பெர்சியாவுக்கு, அதுதான் வளைகுடாவுக்கு, வேலைக்குப் போய் எட்டு மாதம். கடிதம் நின்று இரண்டு மாதம். அதனால் முருகனிடம் சொல்லியிருந்தேன்: கார்த்திகை நட்சத்திரம் ஆறையும் கண்ணால் எண்ணிய பிறகுதான் சாப்பாடு.

விளக்கேற்றிவிட்டு, வண்டிப்பெரியார் மலைக்குளிரில் முற்றத்தில் நின்றேன். அப்போதுதான் புத்தியில் பட்டது. கார்த்திகையன்று முழுநிலா அந்தக் கூட்டத்தின் பக்கத்திலேயே அல்லவா நிற்கும்! மற்ற நாளெல்லாம் கொத்தாகத் தெரிவது, தன்னுடைய நாளில் வெளிச்சத்தில் கரைந்து கிடந்தது.

எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பக்கத்து வீட்டு ரோசம்மாள் அக்கா வேலியோரம் வந்தார்.

“என்ன தங்கச்சி, ஒரு மணி நேரமா வானத்தையே பாத்துட்டு நிக்க?”

“ஆறு மீனையும் எண்ணாம சாப்பிட மாட்டேனுங்க்கா. நெலா மறைக்குதுங்க.”

“புருசன் பக்கத்துல வந்து நின்னா நம்மள யாரு கண்டுக்கிடுதா? அது மாதிரிதான். இந்தக் கூரைக்குக் கீழ வா, நெலா மறைஞ்சிரும்.”

கூரை நிழலில் இருவரும் நின்றோம். ஐந்து வரை எண்ணினேன். ஆறாவது சிக்கவில்லை, கண்ணில் நீர்தான் வந்தது.

“அந்தா இருக்குல்லா, மேல! உனக்கும் சேத்து நான் பாத்துட்டேன். போய்ச் சாப்பிடு.”

சாப்பிட்டேன், தனியாக. பாதிச் சோற்றில்தான் நினைவு வந்தது: எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர் அக்கா. கண் அவ்வளவு மங்கல்.

முருகன் இதை ஏற்பானா? விரதமிருக்கும் தோழிகள் எழுதுங்கள். மீதிச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டேன் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.