டீசலுக்கு உபவாசம்

புனே பக்கம் நிக்டியில் பவுனைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்கலாம்; அவள் அரைத்த இட்லி மாவைத் தெரியாத குடும்பம் இருக்காது. ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. கணவன் கோவிந்தராஜ் ஹிஞ்சேவாடி கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறான். ஒரு மழைநாளில் அவன் பானெட்டுக்குள்ளிருந்து மீட்டு வந்த பூனைக்குட்டிதான் டீசல். மடியில் படுத்தால் பழைய ஜீப் மாதிரி உறுமும். அதனால் அந்தப் பெயர்.

டீசல் மூன்று முறை குட்டி போட்டது. அத்தனையையும் மாவு வாங்குகிறவர்கள் தலையிலேயே கட்டினாள் பவுன். இப்போதெல்லாம் அவள் மணி அடித்தால், "மாவு மட்டுந்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள்.

கிரிஜா கேட்கவில்லை, சொல்லியே விட்டாள். ஐடி பெண்களுக்கு விடுதி நடத்துபவள். பவுன் அரைப்பதில் பாதி அங்கேதான் போகிறது. "மாவு அரைக்கிற வீட்டுல பூனை பிரசவம் நடக்குதுன்னு தெரிஞ்சா என் பொண்ணுங்க இட்லியைத் தொடுவாங்களா பவுன்? இன்னொரு தடவை குட்டின்னா நான் வேற ஆளைப் பார்த்துப்பேன்."

பூனையா பிழைப்பா என்று ஆகிவிட்டது. பக்கத்து கிளினிக்கில் ஆபரேஷனுக்குச் சொன்ன தொகையைக் கேட்டுக் கோவிந்தராஜ் உட்கார்ந்துவிட்டான். "எனக்குக் குடல்வால் எடுத்தப்பக்கூட இவ்ளோ ஆவல புள்ள!"

"உங்களுக்கு எடுத்தது வாலுங்க. இதுக்கு எடுக்கறது வம்சம்."

அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு விசாரித்தாள். "குறைஞ்ச செலவுல கருத்தடை எங்க பண்றாங்க?" அவசரத்தில் 'பூனைக்கு' என்பதை விட்டுவிடுவாள், பாதிப் பேர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஷ்யாம் என்ற கல்யாணமாகாத பையன், காது சிவக்கச் சிவக்க, போனில் தேடிக் கொடுத்தான். கோந்த்வாவில் ஒரு அறக்கட்டளை. சனிக்கிழமைகளில், பேருக்கு ஏதோ வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். வயிறு மட்டும் காலியாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் விடுதிக்கு மாவு கொடுக்கப் போனவள், வழக்கம்போல் பக்கத்து வீட்டு மராட்டிக்காரி ஷிண்டே தாயியிடம் சாவியைக் கொடுத்தாள். "தாயி, ஆஜ் டீசல் கா உபவாஸ் ஹை." இன்னிக்கு டீசலுக்கு உபவாசம் என்பதைத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டாள். தாயி பக்தியோடு தலையாட்டினாள்.

ஊரையே குறுக்கே கடந்து கோந்த்வா போய்ச் சேர்ந்தார்கள். "ஏதாவது சாப்பிட்டதா?" என்றார் டாக்டரம்மா. பச்சைத் தண்ணிகூடப் படவில்லை என்று பவுன் சத்தியம் செய்தாள். வண்டியில் குலுங்கி வந்த டீசல், சத்தியம் முடிவதற்குள் மேசைமேல் கக்கியது. பளபளவென்று ஜவ்வரிசி. நடுவில் ஒரு வேர்க்கடலை.

டாக்டரம்மா கடலையைப் பார்த்தார்; பவுனைப் பார்த்தார். "சாபுதானா கிச்சடி. நெய்யில் செய்தது" என்று நோயை நிர்ணயித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

ஆத்தூரில் விரதமென்றால் எச்சில் விழுங்கவும் யோசிப்பார்கள். தாயி வீட்டிலோ விரத நாளில்தான் அடுப்பு அதிகம் எரியும்: ஜவ்வரிசிக் கிச்சடி, உருளைக்கிழங்கு, கடலை உருண்டை. முதல் தடவை பார்த்தபோது யாருக்கோ பிறந்தநாள் என்றே பவுன் நினைத்திருந்தாள்.

"உபவாசம்னு நீதானே சொன்னே?" தாயி இந்தியில் பொரிந்தாள். "மனுஷங்களே கிச்சடி சாப்பிட்டுத்தான் தாக்குப்பிடிக்கிறோம். வாயில்லா ஜீவன் வெறும் வயித்தோட எப்படி இருக்கும்?" சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கப் பின்கட்டடத்துக் கடுவன் மதில்மேல் உட்கார்ந்து பாடியது. உள்ளிருந்து டீசல் எதிர்ப்பாட்டுப் பாடியது. பவுன் ஜன்னல்களைச் சாத்தினாள். தாயி துடைப்பத்தோடு பால்கனியில் காவல் நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை கூடையை மடியில் வைத்துக்கொண்டு தாயியே காரில் ஏறினாள். "நானும் இன்னிக்கு ஒண்ணும் சாப்பிடல. தண்ணிகூட இல்ல. உங்க ஊர் உபவாசம்." வழியில் வடாபாவ் கடை முன்னால் கோவிந்தராஜ் மெல்ல பிரேக்கை மிதித்தான். கண்ணாடியில் மூன்று ஜோடிக் கண்கள் தெரிந்தன. ஒரு ஜோடி பச்சை. வண்டியை நகர்த்திவிட்டான்.

மத்தியானத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. திரும்பும் வழியில், அரை மயக்கத்தில், தாயியின் மடியில் பழைய ஜீப் ஒன்று மெதுவாகக் கிளம்பியது.

மழை பிடித்ததும் கிரிஜாவிடமிருந்து போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. "பவுன், விடுதியில ஒரே எலி. அது வந்து... குட்டி ஏதாச்சும் இருக்கா?"

பவுன் கீழே பார்த்தாள். டீசல் கிரைண்டர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது.

"இல்லீங்கக்கா. இனிமே மாவு மட்டுந்தான்."