மாமாவுக்குச் சுற்றிய மிளகாய்

என் வாய்க்குப் பூட்டு போட வேண்டும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். மாமா சிங்கப்பூருக்குக் கிளம்பிய காலையில் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டுக் குன்னத்தில் விவசாயம் பார்த்தவர். வெங்காயமும் மக்காச்சோளமும் மாறி மாறிக் காலை வாரியதில் வெளிநாட்டு வேலைக்கு விசா வாங்கிவிட்டார். "ரெண்டே வருசம்க்கா, ஓடி வந்துடுவேன்" என்பதுதான் கொஞ்ச நாளாக அவர் பேச்சு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா முறுக்கு சுட்டாள், பெட்டி கட்டினாள், யாரும் பார்க்காதபோது மூக்கைச் சிந்தினாள்.

வாசலில் கார் வந்துவிட்டது. அம்மா மாமாவைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, கை நிறைய வரமிளகாயும் கல் உப்பும் எடுத்துத் தலையைச் சுற்ற ஆரம்பித்தாள். எனக்கோ பள்ளிக்கூடத்தில் கேட்டது தொண்டை வரை வந்து நின்றது. ஐந்தாம் வகுப்பில் புதிதாக ஒன்று தெரிந்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா?

"மாமா, இந்த மிளகா நம்மூரு இல்ல, தெரியுமா? கடல் தாண்டிக் கப்பல்ல வந்துச்சாம். அதுக்கு முன்னாடி நமக்கு மிளகுதானாம். அது மாதிரியே உறைக்குதுன்னு மிளகாய்னு பேரு வச்சாங்களாம். இங்கயே புடிச்சுப்போயி அது திரும்பிப் போவவே இல்லயாம்."

அம்மாவின் கை பாதிச் சுற்றில் நின்றது. மாமா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. "துப்புடா" என்று மட்டும் அவரிடம் சொன்னாள். அவர் துப்பியதும் மிளகாயைக் கொண்டுபோய் அடுப்பில் கொட்டினாள்.

நெடி வராவிட்டால் கண்பட்டது உண்மை என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அன்றைக்கு வீடே இருமியது. கார் ஓட்ட வந்தவர் வாசலில் நின்று தும்மினார். அம்மா மட்டும் கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, "பாரு, கொஞ்சங்கூட நெடியில்ல. ஊரு கண்ணு பூரா ஒன் மேலதான் இருந்துருக்கு" என்று சாதித்தாள்.

மாமா சிங்கப்பூரிலேயே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே வீடும் வாங்கிவிட்டார். போன பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்தவர், அம்மா வைத்த குழம்பில் ஒரு வாய் வைத்ததும் தண்ணீர் கேட்டார். "என்னக்கா, இவ்ளோ காரம்?" அம்மா அவர் இலையில் தயிரை ஊற்றினாள்.

மிளகாயைப் புகழ்வதாகத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ வந்து நம்மோடு ஒட்டிக்கொண்டதே, எவ்வளவு நல்ல காய் என்று. அதை அனுப்பிவிட்டுக் காத்திருந்த ஊர் ஒன்றும் இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.