புஷ்பலதா பால் கறந்து கொட்டிய மாதங்கள்

புஷ்பலதா மலேசியாவில், ஈப்போவில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் வேலை பார்த்தவள். தொழிற்சாலையை மூடிவிட்டு வேறு நாட்டுக்குக் கொண்டுபோனபோது, கொடுத்து அனுப்பிய பணத்தில் இரண்டு பசு வாங்கிக்கொண்டு சுங்காய் பக்கம் தான் பிறந்த தோட்டத்துக்கே திரும்பினாள். பேருக்குத்தான் அது ரப்பர் தோட்டம். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நின்றது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் கூரை இறங்கிக் கிடந்தன. கல்யாணம் அவளுக்கு அமையவில்லை. அதைப் பற்றி அவளும் பேச மாட்டாள், மற்றவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இரண்டு பசு ஆறேழு ஆயின. காலையில் மோட்டார் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சுங்காய்க்குப் போவாள். கோயிலுக்கும், இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கும், குழந்தை இருக்கிற வீடுகளுக்கும் ஊற்றிவிட்டு, கடைசியாகத் தம்பி சுகுமாரன் வீட்டில் நிறுத்துவாள். தம்பிக்கு ஒரே மகள், ஷாமினி. அத்தை வரும் சத்தம் கேட்டால் கிளாஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வரும் பிள்ளை.

தோட்டத்தின் பழைய ரப்பர் ஸ்டோர் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. ஒரு தவுக்கே, சீன முதலாளி, அதை வாடகைக்கு எடுத்து, சுற்றித் தகரம் அடித்து, பழைய கார் பேட்டரிகளை லோரி லோரியாகக் கொண்டுவந்து இறக்கினான். கோடாலியால் மூடியைப் பிளந்து, உள்ளே இருக்கிற ஆசிட்டை வாய்க்காலில் விட்டுவிட்டு, ஈயத் தகட்டை உருக்கிக் கட்டி கட்டியாக அனுப்புவார்கள். அந்த வேலைக்கு லைசன்ஸ் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. சுகுமாரன் அப்போது வேலையில்லாமல் இருந்தான். தவுக்கேயிடம் தம்பிக்காகப் பேசியவளே புஷ்பலதாதான்.

முதலில் வாய்க்கால் ஓரத்துப் புல் கருகியது. அவள் மாடுகளை மேட்டுப் பக்கம் ஓட்டிக் கட்டினாள். மேட்டில் புல் நன்றாகவே இருந்தது. உலைப் புகை காற்றோடு வந்து படிவது அந்தப் புல்லின் மேல்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பச்சையாக இருக்கிற புல்லைப் பார்த்து யாருக்குத்தான் தோன்றும்? சில நேரம் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டியிருந்த பேட்டரி ஓடுகளை நக்கிக்கொண்டு நிற்கும். அதட்டி ஓட்டி வருவாள்.

ஒரு மழைக்காலத்தில் கிடாரி ஒன்று வேலியில் போய் மோதியது. பிறகு கொட்டகைச் சுவரில் நெற்றியை அழுத்தி வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. கண் முன்னால் கையை ஆட்டினாள். இமைக்கவில்லை. மறுநாள் கிடாரி செத்துப்போனது. அடுத்த வாரம் கறவை மாடு ஒன்றும் அதே மாதிரி சுவரைத் தேடிப் போனது.

மாவட்டக் கால்நடை அலுவலகத்திலிருந்து ஆரணன் என்ற டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர், அதிகம் பேசாதவர். மாட்டின் கண்ணைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் பெயின்ட் டின், பழைய பேட்டரி எதுவும் கிடக்கிறதா என்று கேட்டார். புஷ்பலதா ஸ்டோர் பக்கம் கையைக் காட்டினாள்.

எல்லா மாட்டிலும் ரத்தம் எடுத்தார். பால், புல், வாய்க்கால் மண், எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டு ஈப்போவுக்கு அனுப்பினார். ஈயம் என்பது அவருடைய சந்தேகம். ரிசல்ட் வரும்வரை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் பாலை விற்க வேண்டாம் என்றார்.

"நல்லா இருக்கிற மாட்டுப் பாலுமா டாக்டர்?"

"நல்லா இருக்கிற மாதிரி தெரியுதுக்கா. உள்ளே எவ்வளவு இருக்குன்னு பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

அன்று மாலையே அவள் கேன் இல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நாளையிலிருந்து பால் கிடையாது, மாட்டுக்கு ஈயம் ஏறியிருக்கலாம் என்கிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை கிளினிக்கில் ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று சொன்னாள். சிலர் பயந்தார்கள். ஒரு வீட்டில் கதவைப் பாதி சாத்திக்கொண்டே கேட்டார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர், காய்ச்சினால் போய்விடாதா என்றார். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால் டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தாள். காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் சாகாது என்று கடைக்காரருக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

கறவை மாட்டைக் கறக்காமல் விட முடியாது, மடி கட்டிக்கொள்ளும். அதனால் வழக்கம்போல் விடியற்காலையில் எழுந்து கறந்தாள். பாலைக் கன்றுக்கும் கொடுக்கக் கூடாது, வாய்க்காலிலும் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேட்டில் குழி தோண்டி அதில் ஊற்றினாள். முதல் நாள் ஊற்றும்போது மனசு ஒப்பவில்லை என்று பின்னாளில் சொன்னாள்.

ரிசல்ட் வந்தது. எல்லா மாட்டின் ரத்தத்திலும் ஈயம். பாலிலும் இருந்தது. வாய்க்கால் மண்ணில் எதிர்பார்த்ததைவிட அதிகம், மேட்டுப் புல்லிலும் குறைவில்லை. ரிப்போர்ட் சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போகும் என்றும், அதிகாரிகள் வந்து விசாரிப்பார்கள் என்றும் ஆரணன் சொன்னார். பார்த்ததை அப்படியே சொல்கிறேன் என்றாள் அவள்.

அதிகாரிகளிடம் சொல்லப் போவதைத் தம்பியிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று நேராக அவன் வீட்டுக்குப் போனாள். சுகுமாரன் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். போட்டிருந்த சட்டையோடு மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, வேலை வாங்கிக் கொடுத்ததும் நீ, கெடுக்கப் போவதும் நீயா என்றான். அவன் மனைவி தினேஸ்வரி பிள்ளையை அவன் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். பிள்ளை சில மாதமாகவே சரியாகச் சாப்பிடுவதில்லை, வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிறது. அது அவளுக்குத்தான் தெரியும். மறுநாள் அவனிடம் சொல்லாமல் ஷாமினியை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் நன்றாகவே ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றும் அளவுக்கு இல்லை, ஆனால் அப்படியே விடவும் முடியாது. ஆஸ்பத்திரிக்குக் காட்ட அனுப்பினார்கள். அங்கே பெரிய டாக்டர் முதலில் கேட்டது அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான். சுகுமாரனையும் வரச்சொல்லி ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கு மகளைவிடப் பல மடங்கு இருந்தது.

இலாகா ஆட்கள் போலீசோடு வந்து ஸ்டோருக்கு சீல் வைத்தார்கள். தவுக்கே அதற்கு முன்பே காணாமல் போயிருந்தான். வேலை போன சுகுமாரன் அக்காவோடு பேச்சை நிறுத்தினான். தினேஸ்வரி மட்டும் மதியத்தில் போன் போட்டுப் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று சொல்வாள்.

புஷ்பலதாவுக்கு மனசில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஏறியது தன் பாலிலிருந்தா? கிளாஸை நீட்டிக்கொண்டு ஓடி வந்த பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கூடவே ஊற்றியவள் அவள். அடுத்த செக்கப்புக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரிடம் அதையே கேட்டாள். சுகுமாரனும் அங்கே நின்றான். பாலிலும் வந்திருக்கலாம், அப்பா சட்டையில் ஒட்டி வந்த தூசியிலும் வந்திருக்கலாம், கார் சீட்டிலும் இருக்கும், ரத்தத்தில் சேர்ந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் உடம்பு அதை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"என் பாலுதான் சுகு," என்றாள் அவள்.

"தினம் அந்தச் சட்டையோடதான் தூக்கினேன் அக்கா," என்றான் அவன். "தினேஸ் குளிச்சிட்டுத் தூக்குங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. புள்ள ஓடி வரும்லா. எங்க குளிக்கிறது?"

அன்று அவன்தான் அவளை பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விட்டான்.

அவன் வேலைக்குப் போட்ட துணிகளைக் கட்டி இலாகா ஆட்களிடம் கொடுத்தான். கார் சீட்டைப் பிடுங்கிப் போட்டான். தினேஸ்வரி தூசி எழும்பாமலிருக்கத் தரையைக் கூட்டாமல், ஈரத்துணியால் துடைக்கப் பழகினாள். இரும்புச் சத்து மருந்தும், கீரையும், நெத்திலியும் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சுகுமாரன் இப்போது ஒரு டயர் கடையில் இருக்கிறான்.

ஸ்டோரைச் சுற்றி மேல்மண்ணைச் சுரண்டி மூடிய லோரிகளில் கொண்டுபோனார்கள். ஈயம் கரைந்து ஆழத்துக்கு இறங்கிவிடாது, பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும், எத்தனை மழை பெய்தாலும் அழிந்தும் போகாது என்று ஆரணன் விளக்கினார். மேட்டில் மேய்க்க இன்னும் அனுமதி இல்லை. வேலி போட்டுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே புல் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கிறது.

மாட்டுத் தரகன் ஒருவன் வந்து, மிச்சமிருந்த மாடுகளை மொத்தமாக ஓட்டிக்கொண்டு போகிறேன், தூரத்துப் பாசாரில் யாருக்கும் தெரியாது என்றான். "எனக்குத் தெரியும்லா," என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வேறு இடத்துப் புல்லை விலைக்கு வாங்கிப் போட்டு வளர்த்தாள். மாதங்கள் கழித்து மூன்று மாட்டின் பால் சரியென்று வந்தது. அதில் ஒன்று கன்று போட்டதும், பாலில் ஈயம் மறுபடியும் தெரிந்தது. எலும்பில் போய் உட்கார்ந்திருந்தது, பால் சுரக்க எலும்பு கரையும்போது கூடவே வெளியே வருகிறது என்றார் ஆரணன். அவள் மறுபடியும் அந்த மாட்டுப் பாலை மட்டும் தனியாகக் கறந்து குழியில் ஊற்றினாள்.

பழைய வாடிக்கையில் பாதிப்பேர்தான் திரும்பி வந்தார்கள். வராதவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. பால் காசு போதாத நாட்களுக்கு, சுங்காயில் ஒரு பள்ளிக் கேன்டீனில் பகல் வேலைக்குப் போகிறாள்.

ஷாமினி இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். நன்றாக ஓடுகிறாள், சாப்பிடுகிறாள். எழுத்துக்கூட்டிப் படிக்க மற்ற பிள்ளைகளைவிட அவளுக்குக் கொஞ்சம் நேரமாகிறது. அது ஈயத்தால் வந்ததா, சில பிள்ளைகள் அப்படித்தானா என்று ஆசிரியைக்கும் தெரியவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் புஷ்பலதா தம்பி வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாடப் புத்தகத்தை விரித்து, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்துகிறாள்.